நடீன் கைக்கு ஒரு துப்பாக்கி

லைலின் துப்பாக்கிக் கடையில் வெர்ன் ஷ்ரேடர் பிஸ்டல் பார்த்த லட்சணத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்கும். ஆறடி இரண்டங்குல ஆள். கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் உழைத்துக் காய்ப்பேறிய கை. அந்தக் கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் நீட்டி, ஊசியில் நூல் கோக்கிறவன் மாதிரி, ஒவ்வொரு பிஸ்டலின் ஸ்லைடையும், அதாவது அந்த மேல்பாகத்தை, மெதுவாகப் பின்னால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிப் பெட்டிக்கு மேல் ஏற்கெனவே ஒன்பது பிஸ்டல் கிடந்தது.

"டேய், கையில வாதம் கீதம் வந்துடுச்சா உனக்கு?" என்றான் லைல். "கையைப் போட்டு இழுடா மடையா."

"எனக்கு இல்ல. வகுப்புக்கு. வர்றவங்க கையில என்ன பலம் இருக்குமோ யாருக்குத் தெரியும்?"

விஷயம் இதுதான். ஊர்த் துப்பாக்கிக் கழகத்தில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. செயலாளர் டுரூடி யோசித்து, ஜூன் முதல் சனிக்கிழமைதோறும் புதிதாக வருகிறவர்களுக்குக் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுக்கலாம் என்று முடிவெடுத்தாள். வகுப்புக்கென்று நல்ல பிஸ்டல் ஒன்று வாங்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு வெர்ன் தலையில் விழுந்தது. அமெரிக்காவில் ஈரி ஏரிக்குத் தெற்கே அந்த வட்டாரத்தில் அவனை விடக் குறி தவறாதவன் கிடையாது. வீட்டு வரவேற்பறை அலமாரி முழுக்க அவன் ஜெயித்த கோப்பைகள். அவற்றைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன அவன் பெண்டாட்டி நடீன், தூசி படியட்டும் என்று பத்து வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டாள்.

லைல் பெட்டிக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒன்றை எடுத்து வைத்தான். "வரப்போறதுல பாதிப்பேர் பொம்பளைங்க. சின்னக் கை. இதைக் குடு. இறகு மாதிரி இருக்கும், பைக்குள்ள போட்டா இருக்கிறதே தெரியாது."

"பைக்குள்ள கிடக்கத்தான் அது லாயக்கு. சுட்டா கழுதையா உதைக்கும். துப்பாக்கியில கனம் இருந்தா உதையை அது வாங்கிக்கும். இல்லைன்னா கைதான் வாங்கணும். முதல் நாள் வந்தவ ரெண்டாம் நாள் எட்டிப் பாப்பாளா?"

"நீயே இதே அளவுலதானே நடீனுக்கு அந்தக் கிறிஸ்துமஸுக்கு..." என்று ஆரம்பித்த லைல், பாதியில் நிறுத்திக்கொண்டு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

துடைத்தால் போய்விடுமா? முப்பத்துநாலு வருஷத்துக் கதை அது. வெர்னுக்குக் கல்யாணமாகி இரண்டாவது கோடை. வாரம் முழுக்கத் தொழிற்சாலை, ஞாயிறு முழுக்கக் கழகம். ஒருநாள் காலையில் அவன் வண்டியைக் கிளப்பும்போது நடீன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமை நீ அங்க, நான் இங்கன்னா எதுக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்? எனக்கும் கத்துக்குடு" என்றாள். அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஆனால் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் புதிதாக வந்தாலும் முதல் தோட்டாவை லைலின் அப்பா வைத்திருந்த நாற்பத்துநாலு காலிபர் ரிவால்வரில்தான் சுட வேண்டும். கரடி வேட்டைக்கு வைத்திருந்த பூதம் அது. எப்படி உதைக்கும் என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு எல்லாரும் பின்னால் வரிசையாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். அடி வாங்கியவன் முகத்தைப் படமெடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள், வெர்னும் வாங்கியிருக்கிறான். கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் விலக்குக் கேட்டால் பயல்கள் வருஷக்கணக்கில் ஓட்டுவார்களே என்று நினைத்தான். அதனால் அந்த ரிவால்வரைத் தானே எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

குழல் மேலே எகிறி அவள் நெற்றியில் அடித்தது. எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை.

பரிகாரம் என்று நினைத்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு அந்தச் சின்னப் பிஸ்டலை வாங்கிக் கொடுத்தான். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது அன்றைக்கு அவன் ஞானம். அது இன்னும் மோசமாக உதைத்தது. விசையைத் தொடுவதற்கு முன்பே அவளுக்குக் கண் மூடியது, குழல் கீழே குத்தியது, தோட்டா மண்ணைக் கிளப்பியது. நாலு தரம் பார்த்துவிட்டு வெர்ன் பெரிய மனசோடு சொன்னான்: "சிலருக்கு இது வராது நடீன். உனக்கு பயந்த கை. விட்டுடு."

அவள் விட்டுவிட்டாள்.

தொழிற்சாலையில் வெர்னுக்கு வேலையே பாட்டிலில் குறை கண்டுபிடிப்பதுதான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மயிரிழைக் கீறலைக்கூடச் சொல்லிவிடுவான். குறை துப்பாக்கியிலும் தன்னிடமும்தான் இருந்தது என்று கண்டுபிடிக்க அவனுக்கு இத்தனை வருஷம் பிடித்தது. டுரூடி கொடுத்த பயிற்சிக் குறிப்புகளைப் போன மாதம் படிக்கும்போதுதான் அது அவன் மண்டையில் உறைத்தது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஆசை. வகுப்புத் துப்பாக்கியை வேறு யாரும் தொடுவதற்கு முன்னால் நடீன் ஒரு தரம் சுட வேண்டும். அதற்கப்புறம் மிச்சமிருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளுக்காவது அவள் கூட வர வேண்டும். அவளுக்கு இப்போது கட்டைவிரல் மூட்டில் வலி, ஜாடி மூடியைக்கூட அவனிடம்தான் நீட்டுகிறாள். இரண்டு விரலால் ஸ்லைடை இழுத்துப் பார்த்த கூத்தெல்லாம் அதனால்தான்.

பதினோராவது பிஸ்டல் சரியாக வந்தது. முழு அளவு, எஃகு உடம்பு, நீளக் குழல். கையில் எடுத்தால் கனம் தெரிந்தது. ஸ்லைடு வெண்ணெய் மாதிரி வந்தது. போடுவது இருபத்திரண்டு காலிபர் தோட்டா, பென்சில் துண்டு அளவுதான். பிடி மட்டும் பருமன். அதைக் கழற்றி மெல்லிசாக ஒன்று மாட்டச் சொன்னான் வெர்ன்.

"வகுப்புக்குத்தானே?" என்றான் லைல்.

"வகுப்புக்குத்தான்."

"நடீன் வருவாளாடா?"

"தெரியலைடா" என்றான் வெர்ன். லைல் திருப்புளியை எடுத்துப் பழைய பிடியைக் கழற்றினான்.

வெர்ன் வீட்டுக்குப் போனபோது நடீன் அடுப்படியில் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் சுற்றி வளைத்துப் பேசி முடிக்கிற வரைக்கும் கத்தி நிற்கவில்லை.

"எனக்குத்தான் பயந்த கையாச்சே" என்றாள்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. துப்பாக்கிதான் தப்பு. ஒரே ஒரு தரம் வா. செவ்வாய்க்கிழமை காலைல அங்க ஒரு ஈ காக்கா இருக்காது."

அவள் தண்டுகளைச் சட்டியில் வழித்துப் போட்டாள். "வரேன். ஆனா அந்தப் போட்டோ அங்க இருந்தா வரமாட்டேன்."

"எந்தப் போட்டோ?"

நடீன் திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என் நெத்தி வீங்கின போட்டோ, வெர்ன். காபி மெஷினுக்கு மேல. வருஷா வருஷம் உங்க கழகப் பிக்னிக்குக்கு இதே ருபார்ப்ல இனிப்புப் பலகாரம் சுட்டு எடுத்துட்டு வரேனே, அதை வைக்கிற மேஜை அதுக்கு நேர் எதிர்லதான் இருக்கு."

"அது இன்னுமா இருக்கு?"

"போன வருஷம் இருந்துச்சு."

அவன் வாரம் தவறாமல் அந்த மெஷினில் காபி பிடிக்கிறவன். அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு கழகத்துக்குப் போனான். படம் இருந்தது. ஓரமெல்லாம் சுருண்டு, நிறம் வெளுத்து, "பெண்டாட்டிக்கும் விலக்கில்லை" என்று கீழே யாரோ எழுதியது மட்டும் பளிச்சென்று இருந்தது. வெர்ன் அதைக் கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான். அன்றைக்கு அவளும் சேர்ந்து சிரித்தாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தான். சொல்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லியும் இருக்கிறான். படத்தில் அவள் சிரிக்கவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோ கேமராவைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டிருந்தான்.

ஆணியை மட்டும் விட்டுவிட்டு, படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலை நடீன் வந்தாள். முதலில் சுவரைப் பார்த்தாள், வெறும் ஆணி இருந்தது. அப்புறம்தான் காதுமூடியை வாங்கிக்கொண்டாள். வெர்ன் ஏழு கஜத்தில் குறி வரைந்த காகிதத்தைக் கட்டினான். துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன்னால், இது எப்படி உதைக்கும், சத்தம் எப்படி வரும், எல்லாவற்றையும் சொன்னான். தானே ஒரு தரம் மண்மேட்டில் சுட்டுக் காட்டினான். பிறகு ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் பின்னால் போய் நிற்காமல் பக்கத்தில் நின்றான்.

டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிஸ்டல் லேசாகத் தலையாட்டிவிட்டு அடங்கியது.

"இவ்வளவுதானா?" என்றாள் நடீன்.

"இவ்வளவுதான்."

அடுத்து அவன் மேகசினில், அதாவது தோட்டாக் கூட்டில், நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத போலித் தோட்டாக்களைக் கலந்து போட்டான். எது எப்போது வரும் என்று சுடுகிறவருக்குத் தெரியாது. போலி வரும்போது துப்பாக்கி சும்மா 'டிக்' என்னும். கையில் பயம் இருந்தால் அந்த நேரத்தில் குழல் தானாகக் கீழே குத்தும், மறைக்கவே முடியாது. டிக் என்றது. குழல் வைத்த இடத்தில் நின்றது. மறுபடியும் டிக். அப்போதும் நூல் அளவு அசையவில்லை. இந்தச் சோதனையில் வெர்னின் குழல் அசைகிறதைக் கழகத்தில் பலபேர் பார்த்திருக்கிறார்கள்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தான். ஏழு ஓட்டையும் காபித் தட்டு அளவுக்குள் இருந்தன. நடீன் அதைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப என் கையில குறை இல்ல" என்றாள்.

"இல்ல."

"எப்பவுமே இருந்ததில்ல."

"எப்பவுமே இருந்ததில்ல, நடீன். என்னை மன்னிச்சுடு."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "காரோட்டக் கத்துக்கும்போது பயந்தேன் தெரியுமா? என் கை பயந்த கைன்னு நீ சொல்லிட்டியேன்னு. கடைசியில உனக்குத் தெரியாம என் தங்கச்சிகிட்ட கத்துக்கிட்டேன்."

வெர்னுக்கு அது தெரியாது. கீழே கிடந்த தோட்டா உறைகளைப் பொறுக்கிக்கொண்டே, கேட்க நினைத்து வந்ததைக் கேட்டுவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை வர்றியா?"

"ஞாயித்துக்கிழமை யூக்கர் இருக்கு" என்றாள் நடீன். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. "நாலு பேர் சேர்ந்தாத்தான் அந்தச் சீட்டாட்டம் ஆட முடியும். நான் போகலைன்னா மத்த மூணு பேரும் சும்மா உக்காந்திருப்பாங்க. முப்பது வருஷமா ஆடறோம் வெர்ன். முதல்ல நீ இல்லாத வீட்டுல பொழுது போகலைன்னுதான் போனேன். இப்ப அதுதான் என் ஞாயித்துக்கிழமை."

"சரி" என்றான்.

"துப்பாக்கி நல்லாத்தான் பொறுக்கியிருக்கே. வகுப்புக்கு வர்றவங்களுக்குப் பிடிக்கும்." அவள் காகிதத்தை அவனிடம் நீட்டினாள். "இதை அந்த ஆணியில மாட்டு. பேரு எழுது. முழுப் பேரு."

அவன் எழுதினான். நடீன் ஷ்ரேடர், ஏழு கஜம், ஏழு தோட்டா, தேதி. அவள் பக்கத்தில் நின்று எழுத்தைச் சரிபார்த்தாள்.

வகுப்பு நன்றாகவே போயிற்று. முதல் சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள், அடுத்த சனிக்கிழமையும் அதே ஆறு பேரும் வந்தார்கள். அதில் ஷெல்பி என்று ஒரு நர்ஸ். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு பேரும் சுடுகிற இடத்தில் ஒரே மேஜையில் மாற்றி மாற்றிச் சுட்டு, ஒருவர் காகிதத்தை ஒருவர் பார்த்துக் கேலி பண்ணிக்கொண்டார்கள். வெர்ன் அந்தப் பக்கம் அதிகம் பார்க்காமல் இருந்தான்.

காபி எடுக்கப் போன ஷெல்பி சுவர் முன்னால் நின்றுவிட்டாள்.

"யாரு சார் இந்த நடீன் ஷ்ரேடர்? பிரமாதமா சுட்டிருக்காங்களே."

"என் பெண்டாட்டி."

"அட! அப்ப ஏன் ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரமாட்டேங்கறீங்க?"

"ஒரு ஞாயித்துக்கிழமை அவளாவே கிளம்பி வந்தா" என்றான் வெர்ன். "நாங்க எல்லாருமா சேர்ந்து சிரிச்சு அனுப்பி வெச்சுட்டோம்."

ஷெல்பி அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். வெர்ன் காதுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கடைசி மேஜைக்குப் போனான்.