விகுதி இல்லாத சொல்

கடலுக்குப் போன இருவரில் அருட்பிரகாசம் மட்டும்தான் கரைக்கு வந்தார். எஞ்சின் நின்று மிதந்துகொண்டிருந்த படகை மற்றவர்கள் கட்டி இழுத்துப் பேசாலைக் கரைக்குக் கொண்டுவந்தபோது, அவர் வலைக்குமேல் கிடந்தார். வலது கையும் காலும் செயலிழந்துபோயிருந்தன. கூடப் போன மில்ரனைக் காணவில்லை. மில்ரன் அவருடைய மனைவி அகஸ்ரினாவுக்கு ஒரே தம்பி. எட்டு நாள் தேடினார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் அருட்பிரகாசத்துக்குப் பேச்சு வந்தது. வந்தது ஒரே ஒரு சொல்.

"குதி."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் அதுதான். பாதர் வந்து நெற்றியில் சிலுவை வரைந்தபோதும் அதுதான். பேச்சுச் சிகிச்சை கொடுக்க வந்த நஸ்லியா, பாரிசவாதம் வந்த சிலருக்குச் சொல்லின் அடி மட்டும் மிஞ்சும், அதில் ஒட்டுகிறவை எல்லாம் உதிர்ந்துவிடும் என்றாள். அகஸ்ரினாவுக்கு அதை விளக்கத் தேவையிருக்கவில்லை. பதினாறு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லைப் பிரித்துக் காட்டுகிறவள் அவள். என்ன நடந்தது என்று பகுதி சொல்லும். எப்போது என்று இடைநிலை சொல்லும். செய்தது யார் என்று விகுதிதான் சொல்லும். ஒன்றும் ஒட்டாமல் நின்றால் அது ஏவல். கட்டளை.

மில்ரனின் மனைவி டிலானி ஒவ்வொரு நாளும் வந்தாள். கடலுக்குப் போன அன்று காலையில் அவர்களுக்குள் சண்டை. இனி இந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அவன் தானாகக் குதித்தானா, அருட்பிரகாசம் குதிக்கச் சொன்னாரா, வலை சிக்கி எடுக்க இறங்கினானா? அவளுக்கு அது தெரிந்தால் போதும்.

அகஸ்ரினா பழைய கொப்பி மட்டைகளை வெட்டி எழுதினாள். ஒன்றில் 'குதி', இன்னொன்றில் 'த்தான்', மற்றதில் 'என்றேன்'. முதலாவதை வைத்து, அதோடு ஒட்ட மற்ற இரண்டையும் அவர் முன்னால் பரப்பினாள். அருட்பிரகாசம் இடது கையால் 'த்தான்' என்பதைத் தொட்டார். நிச்சயப்படுத்த இரண்டையும் இடம் மாற்றினாள். இப்போது 'என்றேன்' என்பதைத் தொட்டார். மறுபடி மாற்றினாள். கைக்குக் கிட்ட எது இருந்ததோ அதைத்தான் அவர் தொட்டுக்கொண்டிருந்தார். தம்பி தானாகவா குதித்தான் என்று கேட்டால் தலையாட்டினார். நீங்களா சொன்னீர்கள் என்றாலும் தலையாட்டினார். இரண்டுக்கும் கண்ணீர் வந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் மாற்றமில்லை; ஏழு மாதம் இப்படிப் போனது.

"ரீச்சர், இதுக்கு மேலை பெரிசா எதிர்பாக்காதேங்கோ," என்றாள் நஸ்லியா.

அந்தக் கிழமை டிலானி வந்து, பிள்ளைகளோடு நறுவிலிக்குளத்துக்குத் தாயிடம் போவதாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் விடுகைப் பத்திரமும் எடுத்துவிட்டாள். போகமுன் கட்டிலருகே குனிந்தாள்.

"அண்ணை, அவர் என்னாலையோ குதிச்சவர்?"

"குதி," என்றார் அருட்பிரகாசம்.

அகஸ்ரினாவால் தாங்க முடியவில்லை. "வலை சிக்கினதாம். அதை எடுக்கத்தான் தம்பி குதிச்சவன் எண்டு சொல்லுறார்."

டிலானி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை.

"அவர் சொல்லேல்லை மச்சாள். நீங்கள்தான் சொல்லுறியள்."

கட்டிலிலிருந்து நழுவிக் கிடந்த போர்வையை எடுத்து அவர் கால்மேல் போட்டுவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. மில்ரனை இறந்தவராகக் கொண்டு ஆன்ம சாந்திப் பூசை வைப்பதா என்று பாதர் இரண்டுமுறை ஆள் அனுப்பிக் கேட்டார். இரண்டுமுறையும் அகஸ்ரினா, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த மாதம் அருட்பிரகாசத்துக்கு இன்னொரு சொல் வந்தது. "வா." நஸ்லியா சந்தோஷப்பட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். சன்னல் பக்கம் பார்த்தபடி அவர் அதைப் பின்னேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரை என்று அகஸ்ரினா கேட்கவில்லை.