தண்ணீரில் வந்த கோடு

மாமனாரின் காலில் அறுவை சிகிச்சை நடந்த இடத்தில் சீழ் வைத்துவிட்டது. அதைத் துடைத்தெடுத்த பஞ்சு, மருமகள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே வந்து சேர்ந்தது.

அதிலிருந்து வளர்ந்த கிருமிகளைத் தட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைத்திருந்தாள். மருந்துக்கு மசிகிற கிருமி வில்லையைச் சுற்றி வளராது. அந்த இடம் தெளிந்து கிடக்கும். காலையில் பார்த்தபோது வழக்கமான மருந்தைச் சுற்றி நல்ல அகலமான வளையம். நிம்மதியாகக் காபி குடித்தாள்.

ஆனால் சில கிருமிகள் கள்ளத்தனமானவை. மருந்தை வெட்டிப்போடும் கத்தரிக்கோலை எப்படிச் செய்வது என்ற குறிப்பை உள்ளே ஒளித்துக்கொண்டு, தட்டில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அந்தக் குறிப்புதான் மரபணு. அதைத் தேடவும் ஒரு சோதனை உண்டு. அந்த மரபணு இருந்தால் அது கோடிக்கணக்கில் நகலெடுக்கப்பட்டு, ஜெல் என்ற கூழ்ப் பலகையில் அந்தந்த மாதிரிக்கு ஒதுக்கிய தடத்தில் ஒளிரும் கோடாகத் தெரியும்.

மதியம் மாமனாரின் தடத்தில் பளிச்சென்று கோடு தெரிந்தது.

மரபணு இருந்தால் டாக்டர் கடைசி மருந்துக்குப் போவார். அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். மாமனாருக்கோ ஏற்கெனவே அங்கேதான் கோளாறு.

"டாக்டர்கிட்ட சொல்லிடவா?" என்று போனை எடுத்தான் உடன் வேலை செய்பவன்.

"இருப்பா. அந்த ஓரத் தடத்தைப் பாரு."

ஓரத் தடத்தில் வெறும் தண்ணீர். சோதனை சுத்தமாக நடந்ததா என்று காட்டிக்கொடுக்கவே அதை வைப்பது. அங்கேயும் கோடு.

"தண்ணிக்கும் மரபணு வந்துடுச்சாக்கா?"

"தண்ணிக்கு ஒண்ணும் வரல. எனக்குத்தான் புத்தி போயிடுச்சு."

ஒப்பிட்டுப் பார்க்க, அந்த மரபணு நிச்சயமாக உள்ள ஒரு மாதிரியையும் சேர்ப்பார்கள். அதன் குழாயை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் திறக்க வேண்டும். அதிலிருந்து இம்மியளவு மற்ற குழாய்களில் பட்டாலும் அதுவும் பெருகிக் கோடாகிவிடும். மாமனாருடையதாயிற்றே என்ற பரபரப்பில் இன்று அதைத்தான் முதலில் திறந்திருந்தாள்.

"கடைசியில திற, கடைசியில திறன்னு என்னைப் பாடாப் படுத்துவீங்களே."

"சிரிச்சு முடிச்சுட்டு புதுக் கையுறை எடுத்துட்டு வா."

மேசையைத் துடைத்து, புதுத் தண்ணீர் எடுத்து, முதலிலிருந்து செய்தார்கள். மாலையில் ஒரே ஒரு கோடு, இருக்க வேண்டிய அந்த ஒப்பீட்டு மாதிரியின் தடத்தில் மட்டும். மாமனாரின் தடமும் தண்ணீரின் தடமும் இருண்டு கிடந்தன. இருட்டைப் பார்த்து அவள் இத்தனை சந்தோஷப்பட்டதே இல்லை.

டாக்டரிடம் சொல்லிவிட்டு வார்டுக்குப் போனாள்.

"என்னம்மா, என் கிருமி என்ன சொல்லுது?"

"சொன்ன பேச்சைக் கேக்குற கிருமிதான் மாமா. சாதா மருந்துக்கே அடங்கிடும்."

"அப்போ அது நம்ம வீட்டுது இல்ல," என்று தலையணையில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.