நாத்தனாருக்கு மருத்துவப் பரிசோதனை

அந்த முதியோர் இல்லத்தில் இடம் கிடைப்பது கத்தி மேல் நடப்பதுபோல. எல்லாவற்றையும் தானே செய்துகொள்பவரைச் சேர்க்கமாட்டார்கள்; எதுவுமே முடியாதவரையும் சேர்க்கமாட்டார்கள். அன்றாட வேலைகளில் இரண்டுக்காவது துணை வேண்டும். ஆனால் தீப்பிடித்தால் தானே எழுந்து முப்பது வினாடிக்குள் கதவை எட்டவேண்டும்.

அண்ணி போன வாரமே தேறிவிட்டாள். இன்று நாத்தனாரின் முறை. தேறாவிட்டால் அவள் மகனோடு விமானம் ஏறவேண்டியதுதான். நாற்பது வருடம் ஒரே வீட்டில் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள். இனி யாரோடு சண்டை போடுவது என்று அண்ணிக்கு இரண்டு நாளாகச் சாப்பாடே இறங்கவில்லை.

"நீங்களே குளிப்பீங்களாம்மா?" நர்ஸ் படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பின்னே? ஊரா வந்து குளிப்பாட்டும்?" என்றாள் நாத்தனார்.

"சட்டைப் பட்டன்?"

"நானே போடுவேன்."

அண்ணி குறுக்கே புகுந்தாள். "அடிப்பாவி! இன்னிக்குக் காலையில முதுகு தேச்சு விட்டது யாருடி? பட்டன் போட்டது யாரு?"

"மானத்தை வாங்காதீங்க அண்ணி!"

"மானம் கிடக்கட்டும். மாத்திரை டப்பாவைத் திற, பார்ப்போம்!"

நாத்தனார் திருகினாள், நெம்பினாள், பல்லால் கடித்தாள். மூடி அசையவில்லை. பழக்கதோஷத்தில் டப்பாவை அண்ணியிடமே நீட்டிவிட்டாள். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று கட்டங்களில் குறியிட்டாள்.

அடுத்தது நடை. நாத்தனார் எழுந்து, புடவையைச் சரிசெய்து, கல்யாணப்பெண் மாதிரி நடந்தாள். நாற்பத்தொரு வினாடி.

"தீப்பிடிச்சாலும் இப்படித்தான் வருவீங்களா?"

"ஏன், தீ கொஞ்சம் பொறுக்காதா?"

"இன்னும் ஒரே ஒரு தடவைதாம்மா."

நாத்தனார் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணி கதவருகே போய் நின்றுகொண்டாள். நர்ஸ் கடிகாரத்தை அழுத்தினாள்.

"ஒண்ணு சொல்லட்டுமாடி? நீ சமைச்சுப் போட்டதை உங்கண்ணன் ஒருநாளும் தின்னதில்லை. எல்லாம் பூனைக்குத்தான்."

"என்னது!"

புடவை எப்படியோ போகட்டும் என்று நாத்தனார் பாய்ந்து வந்தாள். வந்த வேகத்தில் அண்ணியின் கையில் நறுக்கென்று கிள்ளினாள். அவள் தோள் கதவிலும் இடித்தது.

"இருபத்திரண்டு!" நர்ஸ் துள்ளிக் குதித்தாள். "தேறிட்டீங்கம்மா!"

நாத்தனார் மூச்சு வாங்கினாள். யோசித்தாள்.

"அண்ணி, நம்ம வீட்டுலதான் பூனையே இருந்ததில்லையே?"

"இல்லைதான்," என்றாள் அண்ணி, கையைத் தேய்த்துக்கொண்டே.