கிடக்கும்போதே பிடித்த நோய்

டயர் கடைக்காரருக்கு மருமகன்மேல் ஒரே புகார்தான்: கள்ளச் சோம்பேறி. மற்ற நாளெல்லாம் லாரி டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுவான். ஆனால் ஒருநாள் முதுகு முறிய உழைத்து, இரவு மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டுப் படுத்தானோ, விடிந்தால் வெறும் கட்டை. கையும் காலும் அசையாது. வாய் மட்டும் வேலை செய்யும். மதியத்துக்குள் தானாகச் சரியாகி, நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போவான். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். நடிப்பு ரத்தத்தில் தெரியுமா என்பார் மாமனார். இன்னொரு தடவை படுத்தால் கடையை விட்டே அனுப்பிவிடுவதாக மகளிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

ஒரு விருந்துக்கு மறுநாள் மறுபடியும் கிடந்தான். மாமனார் வந்து காலில் நறுக்கென்று கிள்ளினார்.

"வலிக்குது மாமா. இழுத்துக்கத்தான் முடியல."

"வாங்க மாப்பிள்ளை, இன்னிக்கு வேஷத்தைக் கலைச்சிடலாம்."

டயர் ஏற்றும் தள்ளுவண்டியில் அவனைப் போட்டுத் தானே ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். வழியில் கேட்டவர்களிடம் பஞ்சர் என்றார். காற்று இறங்கிவிட்டதாக மருமகனும் படுத்தபடியே ஒத்து ஊதினான்.

இவன் நடிக்கிறான் என்று எழுதித் தரும்படி டாக்டரம்மாவிடம் கறாராகக் கேட்டார். அந்த அம்மா முட்டியில் தட்டிப் பார்த்தார்; கால் துள்ளவில்லை. ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டதற்கு, அப்பாவும் சித்தப்பாவும் இப்படித்தான் கிடப்பார்கள் என்றான்.

"பரம்பரையா வர்ற தசை நோய்ங்க. ரத்தத்துல இருக்கிற பொட்டாசியம் தசைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், உடம்பு துவண்டுடும். அது திரும்பி வந்தப்புறம் பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். கிடக்கும்போதே தூக்கிட்டு வந்தீங்க பாருங்க, அதான் மாட்டுச்சு."

மாமனார் லேசில் விடுகிற ஆளா? மெஷின்தான் கோளாறு என்று சொல்லித் தன் கையையும் நீட்டினார். அவர் ரத்தம் கணக்காக இருந்தது. அப்புறம்தான் மருந்து கொடுக்கச் சொன்னார்.

மருந்துத் தண்ணீரைக் குடித்து மருமகன் முகத்தைச் சுளித்தான். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் ஆடியது. பதறிக்கொண்டு ஓடிவந்த மகள், கடைக்கு இனி இவர் வர வேண்டாமா என்று கேட்டாள்.

"வராம? ஊரெல்லாம் இவனைச் சோம்பேறின்னு சொல்லிவெச்சிருக்கேன். ஒவ்வொருத்தனா தேடிப் போய் மாத்திச் சொல்லணும். அதுவரைக்கும் கடையை யார் பார்க்கிறது?"