சிவப்புக் கோடு எந்த எண்ணில் இருந்தது

1

இந்தக் கதை ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்ததில் பிறந்தது. அதை உடைத்தது என்—

(இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். அந்தக் காலத்தில் நான் எழுதியதெல்லாம் பராமரிப்புப் பதிவேட்டில்தான்: 'எண்ணெய் விட்டேன். கயிறு சரி. கதவு சரி.' அதில் மிச்சமிருந்த தாள்களில்தான் இதை எழுதுகிறேன். அலங்காரம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. காட்டுகிற எதையும் நம்பாதே. விளக்கு 'மூன்று' என்று எரியும். கதவைத் திறந்தால் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும்.

2

தொடக்கம் ஒன்று: அன்று காலைக் கதிரவன் தன் பொன்னிறக்—

(அடித்துவிட்டேன். எங்கள் ஜன்னல் எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்த்தது. கதிரவனுக்கு அங்கே வேலை இல்லை.)

தொடக்கம் இரண்டு: எங்கள் கூடத்தில் ஓர் உப்புத் தண்ணீர் மீன் தொட்டி. அதில் ஒரே மீன். ஆரஞ்சு நிறம், மூன்று வெள்ளைப் பட்டை, பதினேழு வயது. எதிரே நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கண்ணாடிக்கு வந்து முறைக்கும். என் மனைவி அதற்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர் வைத்தாள். தொட்டி அவளுடையது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அளந்து பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள், என்னைத் தவிர.

(இது பரவாயில்லை. இருக்கட்டும்.)

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்க அவளிடம் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அடியில் ஈயக் குண்டு, மேலே மெல்லிய கழுத்து, கழுத்துக்குள் எண் அச்சடித்த தாள். தொட்டியில் விட்டால் மிதக்கும். உப்பு கூடினால் தூக்கி நிற்கும், குறைந்தால் இறங்கும். ஞாயிறு காலை கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுப்பாள். குழாயை விட்டு, ஒட்டிய குமிழி போக ஒரு சுழற்று சுழற்றுவாள்.

"மூச்சு விடாதீங்க. அது நிக்கட்டும்."

"நான் மூச்சு விட்டா உப்பு கூடுமா?"

"பேச்சுதான் கூடுது."

எத்தனையோ லிஃப்டை நிறுத்தியிருக்கிறேன். எதற்கும் நான் மூச்சை அடக்கியதில்லை. அந்தக் குழாய்க்கு அடக்கினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம், குழாயின் கழுத்தில் நெயில்பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். அவள் நகத்துக்கு எதுவும் பூசி நான் பார்த்ததில்லை. இதற்கென்றே வாங்கியிருக்கிறாள்.

"அந்தப் பொடி எழுத்து உங்களுக்குத் தெரியாது. எண்ணைப் பாக்காதீங்க, கோட்டைப் பாருங்க. கோடு முங்கினா உப்பு போடுங்க. மேல வந்தா நல்ல தண்ணி ஊத்துங்க."

அவள் திரும்பி வரவில்லை. நாலு வருடமாகக் கோட்டைத்தான் பார்த்தேன். எண்ணைப் பார்க்கவே இல்லை.*

* என் புத்தி அவ்வளவுதான்.

3

போன ஞாயிறு என் மச்சான் வந்தான். அவளுடைய தம்பி, தையல்காரன். 'குடுங்க அத்தான், நான் பாக்கறேன்' என்று குழாயைப் பிடுங்கினான். வழுக்கி விழுந்து நொறுங்கியது. சிவப்புக் கோடு ஒரு சில்லில் இருந்தது. எண் தாள் ஈரத்தில் சுருண்டு தனியாகக் கிடந்தது. கோடு எந்த எண்ணுக்கு நேரே இருந்தது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

4

மேலே உள்ளதை மச்சான் படித்துவிட்டான்.

"அத்தான், நான் எப்போ உடைச்சேன்?"

"கதைக்கு ஒரு ஆள் வேணும்ல."

"அதுக்கு நான்தான் கெடச்சேனா? நான் சோபாவுல பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தேன்."

"சோபாவுல கெடக்கறவனை வச்சு எப்படி உடைக்கிறது?"

"உடைச்ச ஆளை வச்சு உடைங்க."

சரி. உடைத்தது என் கை. கோடு சரியாக நீர்மட்டத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு வெளியே எடுக்கும்போது நழுவியது. ஒரு வருடமாக இந்தக் கை நடுங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குச் சில்லுகளுக்கு நடுவே நான் நின்றுகொண்டிருந்தேன். மச்சான்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"டேப் தொலைஞ்சா என்ன, அளவுச் சட்டை இருக்கே."

"என்னடா உளர்றே?"

"தண்ணி இப்ப அக்கா கோட்டுலதானே இருக்கு? உப்பு எங்கயும் ஓடாது, தண்ணிதான் ஆவியாப் போகும்."

அக்காவின் மேசை இழுப்பறையைத் திறந்தான். பாதி காய்ந்திருந்த அதே நெயில்பாலிஷால், தொட்டிக்கு வெளியே நீர்மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டான். தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து இறுக மூடினான். தையல்காரன் கோடு. நூல் பிசகவில்லை.

5

திங்கட்கிழமை பாட்டிலோடு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா மூன்று கருவிகளை எடுத்து வைத்தாள். (நல்ல தண்ணீர் என்றால் ஆயிரம் காட்ட வேண்டும். உப்பு ஏற ஏற எண் ஏறும்.)

உள்ளே முள் ஆடும் பிளாஸ்டிக் பெட்டி ஆயிரத்துப் பத்தொன்பது என்றது. பேட்டரி போட்ட பேனா ஆயிரத்து இருபத்தாறு என்றது. மூன்றாவது, ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்து ஒற்றைக் கண்ணால் நோக்குகிற குழல். அது ஆயிரத்து இருபத்துநாலு.

"ஒரே தண்ணிதானேம்மா?"

"ஒரே தண்ணிதான் ஐயா."

"மூணு பேரும் மூணு சாட்சி சொல்றாங்க. எவனை நம்பறது?"

"எதையும் நம்பாதீங்க. இந்தக் குழல்ல, கார் பேட்டரிக்கு ஊத்தற சுத்தத் தண்ணி ஒரு சொட்டு விடுங்க."

விட்டேன். ஆயிரம் காட்ட வேண்டியது ஆயிரத்து இரண்டு காட்டியது. அவள் ஒரு குட்டித் திருப்புளி கொடுத்தாள். திருகைத் திருகி ஆயிரத்துக்குக் கொண்டுவந்தேன். நடுங்கும் கையோடு நாலு தடவை. அப்புறம் தொட்டித் தண்ணீர்: ஆயிரத்து இருபத்திரண்டு.

மற்ற இரண்டும் எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டன. இது தன் பொய்யை ஒத்துக்கொண்டது. இதைத்தான் வாங்கினேன். (நாலாம் பகுதியில் என் கையைப் பற்றிய வரிகளை, இதை வாங்கி வந்த பிறகுதான் எழுதினேன்.)

கிளம்பும்போது கடைக்காரம்மா சொன்னாள்: "இருபத்திரண்டு கம்மி ஐயா. இருபத்தஞ்சுக்கு ஏத்துங்க. மெதுவா."

6

திங்கள் சாயங்காலத்திலிருந்து சூப்பர்வைசர் சாப்பிடவில்லை. மூலையில் நிற்கிறான்.

முடிவு அ: உப்பை ஏற்றுகிறேன், சாப்பிடுகிறான். அப்படியென்றால் இருபத்திரண்டை இருபத்தஞ்சு என்று அவள் குழாய் பொய் சொல்லியிருக்கிறது. அவளும் அதை நம்பியிருக்கிறாள். நாலு வருடம் நான் ஒரு தப்புக் கோட்டின் முன்னால் மூச்சை அடக்கியிருக்கிறேன்.

முடிவு ஆ: அவள் கோட்டிலேயே விடுகிறேன், சாப்பிடுகிறான். அவளுக்குத் தெரிந்தது கடைக்காரம்மாவுக்குத் தெரியாது.

முடிவு இ:

(மச்சான் இதை எழுத விடவில்லை. "செத்துப்போற முடிவு வேணாம் அத்தான். அக்கா திட்டும்.")

7

இன்றைக்குப் புதன். தண்ணீர் தொட்டிக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. மேசையில் இரண்டு ஜக் வைத்திருக்கிறேன். இடது பக்கம் நல்ல தண்ணீர். அதை ஊற்றினால் அவள் கோடு அப்படியே நிற்கும். வலது பக்கம் உப்புத் தண்ணீர். அதை ஊற்றினால் கடைக்காரம்மா சொன்ன எண்ணை நோக்கி ஒரு படி.

இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டேன். கை ஆடுகிறது. அதற்குக் காரணம் வயசு மட்டும் இல்லை.

நீங்கள் ஊற்றுங்கள். எது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். ஊற்றிவிட்டு அந்த நாற்காலியில் உட்காருங்கள், அவன் முறைக்க வருகிறானா பார்ப்போம்.

அதுவரைக்கும் மூச்சு விடாதீர்கள். தண்ணீர் நிற்கட்டும்.