சிங்கத்தின் குடல்

'கல்வராயன் சிங்கம்' ராஜாங்கம், ஆத்தூர் ஸ்கேன் சென்டரில் முதுகில் நாடா கட்டிய பச்சை அங்கியோடு, தித்திப்பான மருந்துத் தண்ணீரை டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருந்தார். சிங்கம் என்பது ஊர் கொடுத்த பட்டம் அல்ல. சுவரொட்டிக்கு அவரே எழுதிக் கொடுத்தது.

அவருக்குக் க்ரோன் நோய். குடல் சுவர் வீங்கிப் புண்ணாகிக் கிடந்தது. எவ்வளவு தூரம் என்று எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வேண்டும். குடல் விரிந்தால்தான் படத்தில் துலங்கும் என்று ஒன்றரை லிட்டரை ஒரு மணி நேரத்தில் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். நாளுக்குப் பத்துத் தடவை ஒதுங்கும் தலைவனுக்கு யார் மாலை போடுவார்கள்? அதனால் இடஒதுக்கீட்டுப் பேச்சுவார்த்தைக்குச் சென்னை போவதாக, தான் தலைவராக இருக்கும் சாதிச் சங்கத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அதே இடஒதுக்கீட்டுக்காக இன்று சின்னசேலத்தில் நடக்கும் சாலை மறியலுக்கு நாள் குறித்ததும் அவர்தான்.

இரண்டாவது டம்ளரில் நர்ஸ் மணிமொழிக்குப் போன் வந்தது. பேசி வைத்துவிட்டுச் சலித்துக்கொண்டாள்.

"மூங்கில்துறைப்பட்டுப் பொண்ணு, ஷைனின்னு. உங்க நோவுதான். வயித்துல சீழ் கட்டிக்கினு இருக்குதான்னு இன்னிக்குப் பாத்தாதான் நாளைக்கு ஆபரேசன். மறியல்ல மாட்டிக்கினு கார்ல அழுவுதாம். எவனோ ஒரு சிங்கமாம்."

நல்லவேளை, ஆள் தெரியாமலிருக்க முகக்கவசம் போட்டிருந்தார்; குடிக்க மட்டும்தான் இறக்குவார். மூலைக்குப் போய்ச் சங்கச் செயலாளர் வெங்கடேசனைக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரி போற காரு ஒண்ணு நிக்குது. வுட்டுடு."

"யாரு பேசறது?"

"நாந்தாண்டா, ராஜாங்கம்."

"கொரலு அப்பிடியேதான் இருக்குது. என் கொரல்லயே பேசிக் கலைப்பானுங்க, நம்பாதீங்கன்னு தலைவரு நேத்தே மேடையில சொல்லிட்டாரு. வையி போனை."

சொன்னதுதான். அந்த வரிக்குக் கைதட்டலும் வாங்கியிருந்தார்.

வீடியோவில் கூப்பிட்டுக் கவசத்தைக் கழற்றினார். மீசை, பச்சை அங்கி, கையில் குத்திய ஊசி எல்லாவற்றையும் பார்த்த வெங்கடேசனுக்குக் கண் கலங்கியது. மைக்கைப் பிடித்தான்.

"தலைவரு சோறு தண்ணி இல்லாம போராடி ஆஸ்பத்திரில கெடக்கறாரு. இனி ஒரு வண்டி நவுரக் கூடாது."

போன் திரையில் பையன்கள் ஒரு வெள்ளைக் காரின் முன்னால் படுத்தார்கள். கண்ணாடிக்குள் ஒரு பெண் வயிற்றைப் பிடித்து மடங்கிக் கிடந்தாள். அந்த மடங்கல் ராஜாங்கத்துக்குத் தெரியும்.

"மைக்கைப் போன்கிட்ட வையி" என்றார். வைத்தான்.

"நான் சென்னை போவல. உண்ணாவிரதமும் இல்ல. ரெண்டு வருசமா எனக்குக் கொடலு நோவு, பேதி. நேத்து மேடையிலேர்ந்து ஆவேசமா எறங்கி ஓடனது கக்கூசுக்கு. அந்த வெள்ளைக் காருப் பொண்ணுக்கும் அதே நோவுதான். வுடுங்கடா."

சாலையில் யாரோ சிரித்தார்கள். கார் நகர்ந்தது.

முக்கால் மணியில் ஷைனி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அம்மா அமலோற்பவம் ராஜாங்கத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"வழி வுட்டீங்க, சரி. அடுத்த மாசம் பொண்ணு பாக்க மாப்ள வூட்டுக்காரங்க வராங்க, சின்னசேலத்துலேர்ந்து. எம் பொண்ணு பேதியையும் மைக்குலயாங்க சொல்லணும்?"

தன் மானத்தைக் கொடுத்ததாக நினைத்துச் சற்று நிமிர்ந்திருந்தவர், கழற்றிய கவசத்தை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சிரிப்புச் சத்தம் காரின் கண்ணாடிக்குள்ளும் கேட்டிருக்கும்.

"என் மொறைய பாப்பாவே எடுத்துக்கட்டும்" என்றார் மணிமொழியிடம்.

"அது இன்னும் ஒரு மணி நேரம் குடிக்கணுங்க. நீங்க போங்க."

ஷைனி தலை நிமிராமல் முதல் டம்ளரை எடுத்தாள். ராஜாங்கம் அங்கியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.