ஐஸில் வைத்த சுருள்

ஃப்ரிட்ஜ் நின்றுபோன அன்று நான் மணலியில் வேலையில் இருந்தேன். மாமியார் அடைக்கலமேரி போன் செய்தார்.

"மாப்ளே, ஃப்ரிட்ஜு பூட்ச்சி. தண்ணியா ஊத்துது. நான் பாத்துக்கறேன், நீ பேஜாராவாத."

முட்டை வைக்கும் தட்டில், கெடாமலிருக்கக் குளிரில் வைத்த ஒரு ஃபிலிம் சுருள் இருந்தது. என் மனைவி ஜானட் வாங்கியது. வாங்கும்போதே காலாவதியாகிப் பல வருடம். "கெட்டுப்போனதுல என்ன வருதுன்னு பாக்கலாம்" என்றாள். கேமராவில் போடுவதற்குள் காய்ச்சல் வந்து இறந்துவிட்டாள். அதன் பிறகு நான் அதைத் தொடவில்லை. அவள் ஆரம்பிக்க நினைத்ததில் அது ஒன்றுதான் மிச்சம். படம் எடுத்துவிட்டால் அதுவும் முடிந்துவிடும்.

மாலையில் வந்து பார்த்தேன். தட்டு காலி.

"அத்தே, இங்க ஒரு சுருள் இருந்துதே?"

"பத்திரமா கீது."

அவர் காசிமேட்டில் மீன் விற்பவர். தன் தெர்மாகோல் பெட்டியைத் திறந்தார். ஐஸுக்குள் சுருள் மட்டும் புதைந்திருந்தது. பிளாஸ்டிக் டப்பா இல்லை.

"டப்பா எங்க?"

"அத்தோட வெச்சா குளிரு ஏறுமா? ஐஸு மேல படணும் மாப்ளே."

கையில் எடுத்தேன். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. மீன் வாடை அடித்தது.

"கெட்டுப்போச்சு! யார் தொடச் சொன்னது?"

கத்திவிட்டேன். ஜானட்டை அடக்கம் செய்த அன்றுகூட என் குரல் எழும்பவில்லை.

அவர் பெட்டியை மூடாமல் நின்றார். "அவ வாங்குனதுன்னு தெரியும்யா. அதான் மீன வெளிய எட்த்துட்டு எடம் பண்ணேன்."

அப்போதுதான் பார்த்தேன். தரையில் ஒரு அன்னக்கூடை. மறுநாள் விற்க வேண்டிய சங்கரா மீன்கள், கண் வெளுத்துக் கெட்டுக் கிடந்தன.

அவரே சொன்னார்: "அரிசில போடு. செல்லு தண்ணில வுழுந்தா அப்டித்தான பண்றாங்க?"

துணியில் முடிந்து அரிசி டிரம்மில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அதைக் கேமராவில் ஏற்றினேன். இனி வைத்திருந்து பயனில்லை. பழைய சுருளுக்குப் பார்வை மங்கியிருக்கும். நிறைய வெளிச்சம் வேண்டும். அதனால் உச்சி வெயிலில் காசிமேட்டுக்குப் போனேன். துறைமுகச் சுவர், கிரேன், கரையில் ஏற்றிய படகு என்று எடுத்தேன். மனிதர்களை எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை லீவரைத் திருப்பி ஃபிலிமை நகர்த்தும்போதும் ஒட்டிய ஃபிலிம் பிரியும் சத்தம் கேட்டது. பாதிச் சுருள்கூட ஆகியிருக்காது, லீவர் இறுகிவிட்டது. பலம் கொடுத்துத் திருப்பினேன். உள்ளே ஏதோ கிழிந்தது. இனி ஃபிலிம் நகராது, ஒரே ஒரு அழுத்தல்தான்.

அத்தை தன் மீன் பலகைக்குப் பின்னால் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தே, இங்க பாருங்க."

"என்னியவா? ஐய, வேர்த்து கலீஜா கீறேன்!"

"இது ஒண்ணுதான் இருக்கு."

பக்கத்துப் பலகை நீலா, "ஆயாவுக்கு வந்த வாழ்வப் பாரு! சிரி, சிரிப்புக்கு வாடகையா கேக்கறாங்க?" என்றாள்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தார். அந்தப் பார்வை ஜானட்டுடையது. ஒரு நொடி கை வரவில்லை. பிறகு அழுத்தினேன்.

ஃபிலிமைக் கழுவிக் கொடுத்தவர் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார். அத்தையின் படம் வந்திருந்தது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கண்கள் மட்டும் தெளிவு.

வீட்டில் கொடுத்தேன். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இன்னாய்யா, மூஞ்சி பூரா செதிலு ஒட்டிகினு கீது. இன்னொரு தபா எடு."

"சுருள் தீந்துபோச்சு அத்தே."

சொல்லி முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அழுதுடு மாப்ளே" என்றார். "நான் எங்கியும் போவல."